முதலில் ஏரிப் பக்கம்

கைஸ்லலம்பி
5 செப்டம்பர் 1966

அன்புள்ள கெர்த்து அக்காவுக்கு,

சனிக்கிழமை செம்பழம் பறிக்கப் போனவர்கள்: நான், மகன் இல்போ, மருமகள் பிர்கோ, பக்கத்துப் பண்ணை ரெய்னோ அண்ணன், அவர் மனைவி ஹில்மா, அவர்கள் வீட்டு நாய். போன வருஷம் என் வீட்டுக்காரர் வில்ஹோவும் இருந்தார். இந்த வருஷம் அவருடைய வாளியை பிர்கோ தூக்கி வந்தாள். அது யாருடையது என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாவம், நாள் முழுக்க அதைத் தலையில் வைத்துச் சுமந்திருப்பாள்.

தேவ கிருபையால் நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறி இறங்க முடிகிறதா?

நல்ல வெயில். பைன் மரத்தடியெல்லாம் சிவப்புக் கம்பளம் விரித்தது போல இருந்தது. பறித்தது இரண்டு வாளியும் ஒரு பால் கேனும். ஒரு வாளி இல்போவுக்கு, ஒரு வாளி எனக்கு, கேன் போதகர் வீட்டுக்கு. ஹில்மா தனியாகப் பறித்தாள், தனியாகத் தின்றாள்.

மத்தியானம் நெருப்பு மூட்டிக் காபி போட்டோம். மீன் வைத்துச் சுட்ட ரொட்டியை நான் அறுத்துக்கொண்டிருக்கும்போது இல்போ ஆரம்பித்தான்.

"அம்மா, பனி விழுறதுக்குள்ள பெரியம்மா வீட்டுக்குப் போயிடுங்க. ஹெல்சிங்கியிலேர்ந்து ஒரு டாக்டர் நம்ம வீட்டைக் கேக்கிறாரு. கோடைக்கு வந்து தங்கறதுக்காம்."

"கோடைக்கு அவர் வரட்டும். குளிருக்கு நான் இருக்கேன்" என்றேன்.

"விளையாடாதீங்க அத்தை. ஆளில்லாத வீட்ல தனியா உக்காந்து என்ன பண்ணுவீங்க?" என்றாள் பிர்கோ.

"நான் இருந்தா அது எப்படிடி ஆளில்லாத வீடு?"

ஹில்மா காபியைத் துப்பிவிட்டாள் சிரித்து. இல்போ சிரிக்கவில்லை. அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது அக்கா. பிப்ரவரியில் தகப்பனைப் புதைத்தவன். அடுத்தது அம்மாவை எந்தப் பனியிலிருந்து தோண்டி எடுக்க வேண்டுமோ என்று பயப்படுகிறான். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பரிசுத்தவான்கள் திருநாள் வரைக்கும் அவன் வாய் திறக்க மாட்டான். அதற்குள் நான் தனியாகச் சமாளிப்பேன் என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் நவம்பரில் உங்கள் துர்க்குவுக்கு ரயில், வீடு டாக்டருக்கு.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் இணைப்பு கொடுக்கும் பெண் ஐனிக்குக் காது நீளம். நான் உங்களோடு பேசி முடிப்பதற்குள் கடைத்தெருவில் என் வீட்டுக்கு விலை சொல்லியிருப்பார்கள்.

நான் போக மாட்டேன் அக்கா. உங்கள் மேல் அன்பில்லாமல் அல்ல. இந்த இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு புதன்கிழமையும் நான் தனியாகக் காட்டுக்குப் போகப் போகிறேன்.

உங்கள் தங்கை
இர்யா


துர்க்கு
9 செப்டம்பர்

அன்புத் தங்கை இர்யாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறாய் என்று அறிந்து சந்தோஷம். நானும் நலம். முழங்கால் அதன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

இல்போ எனக்கும் எழுதியிருக்கிறான். நான் அவன் பக்கம். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் இரண்டு அறை, ஒன்று சும்மா கிடக்கிறது. குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர். மாதா கோயில் மணி ஜன்னலிலேயே கேட்கும். ஜன்னலுக்குக் கீழே ஆற்றோரத்து மரங்கள் மஞ்சளாக ஆரம்பித்துவிட்டன. மேலே இருந்து பார்த்தால் வெண்ணெய் தடவியது போல இருக்கிறது. காடு காடு என்கிறாயே, இங்கேயும் இலை உதிரத்தான் செய்கிறது.

தனியாகப் போவேன் என்று அடம் பிடிக்கிறாய். சின்ன வயதில் கிணற்றடிக்குக்கூட என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் நீ. சரி, போ. எங்கே போகிறாய் என்றாவது சொல். வில்ஹோவும் நீயும் வருஷா வருஷம் மஞ்சள் காளான் பறிப்பீர்களே, அந்த இடம்தானே? அது எந்தப் பக்கம்? சொன்னால் நான் வந்து பறித்துவிட மாட்டேன். இங்கே இந்த மேற்குக் கரை ஊர்க்காரர்கள் காளானை மாட்டுத் தீனி என்கிறார்கள். ஒரு தடவை சமைத்து வைத்தேன், கீழ்வீட்டு அம்மாள் எனக்குக் காய்ச்சலா என்று விசாரித்தாள்.

இடத்தை எழுது. தப்பாமல் எழுது.

அக்கா
கெர்த்து


கைஸ்லலம்பி
15 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

இடத்தைக் கேட்டிருக்கிறீர்கள். அக்கா, துர்க்குவுக்குப் போய் இருபது வருஷத்தில் மறந்துவிட்டீர்களா? நம் அப்பா நம் அம்மாவிடம் சொன்னாரா? சாகும்போது மூத்த அண்ணனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்க் காட்டினார், வாயால் சொல்லவில்லை. காளான் இடம் என்பது கால் காட்ட வேண்டியது. கடிதத்தில் எழுதினால் தபால்காரர், உங்கள் கீழ்வீட்டு அம்மாள், எல்லோருக்கும் அதில் பங்கு வந்துவிடும்.

நேற்று புதன்கிழமை. விடிந்ததும் அடுப்பை அணைத்தேன், கோழிக்குப் போட்டேன், பிளாஸ்கில் காபி, இரண்டு துண்டு கறுப்பு ரொட்டி, ஏலக்காய் பன் ஒன்று. வாளியை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கி, முதலில் ஏரிப் பக்கம் நடந்தேன். ஹில்மா மாட்டுக் கொட்டகையிலிருந்து கூப்பிட்டாள்: "ஏரிக்கா இர்யா?" "ஆமா, அந்தப் பக்கம்தான் நல்லா முளைச்சிருக்காம்" என்றேன். அவளும் தலையை ஆட்டினாள். நம் ஊரில் யாருமே தன் இடத்துக்கு நேராகப் போனதில்லை. போதகரே தன்னுடைய இடத்துக்குக் கல்லறைத் தோட்டம் வழியாகச் சுற்றித்தான் போகிறார். இதில் பொய் இருக்கிறதா என்று அவரை ஒருமுறை கேட்டேன். "ஏரிப் பக்கம் போறேன்னு சொல்லிட்டு ஏரிப் பக்கம் போனா அது எப்படிம்மா பொய்யாகும்?" என்றார்.

ஏரிக்கரையில் நாணல் மறைத்ததும் திரும்பி, ஓடையைத் தாண்டி, என் வழியில் போனேன்.

எப்படி எழுதுவேன் அக்கா! ராத்திரி உறைபனி விழுந்திருந்தது. பாசி காலடியில் நொறுங்கியது. ஒரு காட்டரச மரம் மட்டும் முழுக்கச் சிவந்து, காற்றே இல்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கென்று ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. அதில் உட்கார்ந்து காபி குடித்தேன். கொக்குகள் கூட்டமாகத் தெற்கே போயின. கடைசியாகப் போன ஒன்று கத்திக்கொண்டே போனது, அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் சந்தேகம் வந்தவளைப் போல. சத்தமாகச் சிரித்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. வில்ஹோ போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பிறகுதான் தோன்றியது.

திரும்பும் வழியில், சாலையோரத்தில், வாளியையும் நிரப்பிக்கொண்டேன். அடுத்த புதன்கிழமையும் போவேன்.

தங்கை
இர்யா


துர்க்கு
19 செப்டம்பர்

இர்யாவுக்கு,

உன் சுகத்துக்குக் கர்த்தருக்கு நன்றி. நானும் அப்படியே.

கொக்கும் மரமும் நன்றாக இருக்கின்றன, அழகாக எழுதுகிறாய். பள்ளிக்கூடத்தை நாலாவது வருஷம் விட்டவள் எழுதியது என்று கீழ்வீட்டு அம்மாளிடம் படித்துக் காட்டினேன். ஆனால் நான் கேட்டதற்குப் பதில் எங்கே? ஊருக்கெல்லாம் ஏரிப் பக்கம் என்று சொல்லிவிட்டு நீ எதிர்ப் பக்கம் போய் விழுந்து கிடந்தால் யார் தேடி வருவார்கள்? கொக்கா?

கோபப்படாதே. நான் உனக்கு அக்கா மட்டும் அல்ல, அம்மா போன பிறகு அம்மாவும்தான். சும்மா கிடக்கும் அறைக்குப் புதுத் திரைச்சீலை தைத்து வைத்திருக்கிறேன். நீல நிறம்.

பதில் போடு.

கெர்த்து


கைஸ்லலம்பி
3 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். இலையுதிர் கால வேலைகள் தெரியும்தானே. தேவ கிருபையால் எல்லாம் நலம்.

பழக்கூழ் போட்டாயிற்று. ஜாடிகளை ஹில்மாதான் நிலவறையில் இறக்கி வைத்தாள். பாலும் அவளே கொண்டு வருகிறாள், நல்ல மனுஷி. நேற்று ஆராதனையை வானொலியில் கேட்டேன். பாட்டு நன்றாக இருந்தது, பிரசங்கம் நீளம். பிர்ச் மரங்கள் பாதி கொட்டிவிட்டன. படுக்கையறை ஜன்னலிலிருந்து பார்த்தால் ரெய்னோ அண்ணன் வயல் வரைக்கும் தெரிகிறது.

போன இரண்டு புதன்கிழமையைப் பற்றி எழுத அதிகமில்லை. மழை.

திரைச்சீலைக்கு நீலம் நல்ல நிறம். ஆனால் நான் வருவதாகச் சொல்லவில்லையே.

இர்யா


துர்க்கு
6 அக்டோபர்

இர்யா,

நான் நலம். நீ நலமில்லை.

ஜன்னலிலிருந்து பார்க்கிறாளாம், ஹில்மா ஜாடி தூக்குகிறாளாம், ஆராதனையை வானொலியில் கேட்டாளாம்! இல்போ பிறந்த ஞாயிற்றுக்கிழமை தவிர நீ கோயிலுக்குப் போகாத ஞாயிறு உண்டா? உன் கையெழுத்தும் சரிந்து கிடக்கிறது, படுத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். கடிதத்தைப் படித்த உடனே இல்போவுக்குத் தொலைபேசி போட்டேன். ஐனி கேட்டால் கேட்கட்டும்.

"பெரியம்மா, உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க" என்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். இருபத்தொன்றாம் தேதி புதன்கிழமை, கணுக்கால், ஊரே ஏரிக்கரையில் படகும் கொக்கியுமாக நின்றது. யார் தேடி வருவார்கள் என்று கேட்ட என் கடிதம் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றைக்கே! படகும் கொக்கியும், இர்யா! உன்னைத் தண்ணீருக்குள் தேடியிருக்கிறார்கள்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. இல்போவுக்கும் புரியவில்லை. ரெய்னோ உன்னை ஏரிக்கரைப் பாதையில் கண்டுபிடித்தாராம். நீ ஏரிக்கரையில் என்ன செய்தாய்? எனக்கு எழுதியதில் நாணல் மறைத்ததும் திரும்பிவிடுவேன் என்றாயே?

எப்படியானாலும் சரி, சமாளிப்பேன் என்ற பேச்சு முடிந்தது. திருநாளுக்குக் காத்திருக்க வேண்டாம் என்கிறான் இல்போ. நானும் அதையே சொல்கிறேன். இல்லை என்றால் என்ன நடந்தது என்று ஒரு வரி விடாமல் எழுது, எழுதிவிட்டு நீயே படித்துப் பார்.

கெர்த்து


கைஸ்லலம்பி
10 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னிப்புக் கேட்கிறேன். உங்களிடம் மறைத்தது தப்பு. காடு தப்பு என்று மட்டும் சொல்ல மாட்டேன். எலும்பு முறியவில்லை, பிசகுதான். வீக்கம் வடிந்துவிட்டது, கோலூன்றி அடுப்பு வரைக்கும் போகிறேன். இப்போது ஒரு வரி விடாமல் எழுதுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்துதான்.

அன்றைக்குக் காபி குடித்து முடித்துப் பாறையிலிருந்து இறங்கினேன். ஈரமான வேர். கால் இரண்டு கல்லுக்கு நடுவே போய்விட்டது. காலை உருவினேன், நிற்க முடியவில்லை. பக்கத்தில் ஊன்றிக்கொள்ள ஒரு கம்புகூட இல்லை, ஊசியிலை மட்டும்தான். பிளாஸ்கில் காபி மிச்சம் இருந்தது. சால்வையைக் காலில் சுற்றினேன். தெரிந்த பாட்டெல்லாம் பாடினேன், தெரியாத சரணங்களுக்கு இட்டுக்கட்டிப் பாடினேன்.

மத்தியானம் போய் வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது தூரத்தில் ஆட்கள் சத்தம். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், ஏரிப் பக்கமிருந்து. என் புகைபோக்கியில் புகை இல்லாததை ஹில்மா பார்த்திருக்கிறாள். "ஏரிப் பக்கம்தான் போனா, என் கண்ணால பார்த்தேன்!" என்று ஊரைக் கூட்டியிருக்கிறாள்.

நான் பதில் குரல் கொடுக்க வாயைத் திறந்தேன் அக்கா. திறந்து, மூடிக்கொண்டேன்.

திட்டுங்கள். அத்தனை பேர் வந்து நின்றால் என் இடம் ஊர்ச்சந்தை ஆகிவிடுமே என்றுதான் முதலில் தோன்றியது. இன்னும் கொஞ்சம் பார்ப்போம், குளிர் தாங்க முடியாமல் போனால் கூப்பிடலாம் என்று இருந்தேன். ஜெபத்திலும் அதையே சொன்னேன்: ஆண்டவரே, ஒருத்தரை மட்டும் அனுப்பும்.

கொஞ்ச நேரத்தில் கிளை முறியும் சத்தம். கடமான் என்று நினைத்தேன். ரெய்னோ அண்ணன்!

"இங்கதான் இருப்பேன்னு நினைச்சேன்" என்றார், கடைக்கு வந்தவரைப் போல.

எனக்குக் காலும் வலிக்கவில்லை, குளிரும் தெரியவில்லை. கோபம்தான் வந்தது. "இந்த இடம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வேட்டைக்கு வர்றவன்மா நான். உங்க ரெண்டு பேரு காலடியும் எனக்குத் தெரியாதா? யுத்தம் முடிஞ்ச மறு வருஷத்துலேர்ந்து தெரியும்."

"அப்ப இத்தனை வருஷமா இங்க பறிச்சீங்களா?"

பாவம், முகம் சிவந்துவிட்டது. தொப்பியைக் கழற்றினார். "என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? ஒரு காளானை நான் தொட்டிருந்தா என் கை விளங்குமா? சுத்திப் போயிடுவேன், இந்தப் பாறைப் பக்கமே வர மாட்டேன்."

பிறகு என்னைத் தூக்கி நிறுத்தும்போது கேட்டார்: "நாங்க அவ்வளவு கத்தினோமே, ஏன் சத்தம் குடுக்கல?"

நானும் கேட்டேன்: "உங்களுக்குத்தான் தெரியுமே, ஏன் நேரா வரல?"

"எப்படிம்மா வர்றது? ஊரே என்னைப் பாத்துக்கிட்டு நிக்குது. நானும் ஏரிக்குப் போயி, படகுல ஏறி, கொஞ்ச நேரம் கொக்கியைப் போட்டுத் துழாவிட்டு, யாரும் பாக்காதப்ப நழுவி வந்தேன். நேரா வந்திருந்தா பத்துப் பேரு பின்னாடியே வந்திருப்பான். அப்புறம் நீ என்னை மன்னிச்சிருப்பியா?"

மன்னித்திருக்க மாட்டேன். அதைச் சொல்லவும் செய்தேன்.

அதோடு விடவில்லை அவர். என்னைத் தோளில் தாங்கி, நேராக வீட்டுக்குக் கூட்டிப் போகாமல், ஓடையைத் தாண்டி ஏரிக்கரைப் பாதைக்கே கொண்டுவந்து உட்கார வைத்தார். பாவாடையில் ஒட்டியிருந்த ஊசியிலைகளைத் தட்டிவிடச் சொன்னார். நாணல் ஓரம் கொஞ்சம் சேற்றை எடுத்து என் பூட்ஸில் பூசினார். அதற்குப் பிறகுதான், "கிடைச்சிட்டாங்க! இங்க இருக்காங்க!" என்று கத்தினார். இல்போ கேட்ட ஏரிக்கரை அதுதான்.

இதை இல்போவிடம் நானே சொல்வேன். நீங்கள் சொல்ல வேண்டாம்.

வழியில் ரெய்னோ அண்ணன் கேட்ட இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், ஒரு வரி விடாமல் என்றீர்களே. "அந்தப் பக்கத்து மரத்தை வெட்டினதுக்கப்புறம் அங்க ஒரு காளான்கூட முளைக்கலையே. எதுக்கும்மா இன்னும் அங்க போற?"

அதற்கு நான் கால் வலிப்பதாகச் சொன்னேன்.

இர்யா


துர்க்கு
15 அக்டோபர்

அன்பு இர்யாவுக்கு,

கடிதத்தைப் படித்து முதலில் கோபம் வந்தது. பூட்ஸில் சேறு பூசிய இடத்தில் சிரித்துவிட்டேன். பிறகு மறுபடி கோபம். இரண்டு பேருக்கும் புத்தி இல்லை. ஒருத்தி கிடந்து குளிரில் விறைக்கிறாள், ஒருத்தர் படகில் உட்கார்ந்து தண்ணீரைக் கலக்குகிறார், எல்லாம் எதற்கு? ஒரு காளான்கூட முளைக்காத இடத்துக்கு!

அந்தக் கேள்விக்கு எனக்காவது பதில் சொல். வாளியைச் சாலையோரத்தில்தான் நிரப்பினாய் என்றால், அவ்வளவு தூரம் போவது எதற்கு? பிடிவாதத்துக்கா? வில்ஹோவுக்கா? வில்ஹோவுக்கு என்றால் சொல்லிவிடு, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

இங்கே ஆற்றோர மரங்கள் மொட்டையாகிவிட்டன. கீழே இலை குவித்து வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் அதில் குதிப்பது மேலே இருந்து தெரிகிறது. ஆற்றோரம் நடைபாதையில் புது பெஞ்சு போட்டிருக்கிறார்களாம், கீழ்வீட்டு அம்மாள் சொன்னாள். நீ வந்தால் இரண்டு பேரும் போய் உட்காரலாம். தனியாகப் போக எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மார்ச்சில் பனிக்கட்டியில் ஒருமுறை வழுக்கியதிலிருந்தே அப்படித்தான். பெரிதாக ஒன்றுமில்லை. ரொட்டியும் பாலும் அந்த அம்மாளே வாங்கி வந்துவிடுகிறாள்.

திருநாள் நெருங்குகிறது. என்ன முடிவு?

கெர்த்து


கைஸ்லலம்பி
27 அக்டோபர்

அன்புள்ள கெர்த்து அக்காவுக்கு,

கர்த்தரின் சமாதானம் உங்களோடு இருப்பதாக. எனக்குக் கால் தரையில் பதிகிறது. கோல் இன்னும் இருக்கிறது, கோழிகளை மிரட்ட உதவுகிறது.

முதலில் முடிவு. ஞாயிற்றுக்கிழமை இல்போவும் பிர்கோவும் வந்தார்கள், நான்கு நாள் லீவில். கோயில் முடிந்து சாப்பிட்டு எழுவதற்கு முன்பே நடந்ததையெல்லாம் சொன்னேன், சேறு உட்பட. பிர்கோ மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள். இல்போ எழுந்து போய் ஜன்னலோரம் நின்றான்.

"இதுக்கு மேலயும் நான் உங்களைத் தனியா விடணுமா அம்மா?"

"நீ விட வேணாம்டா. நான் இருக்கேன், அவ்வளவுதான். வீட்டுல பாதி உன்னுது, வித்துக்கோ. என் பாதியை நான் விக்கல."

"பாதி வீட்டை எவன் வாங்குவான்?"

"டாக்டர் படிச்சவர், யோசிச்சு வாங்குவார். ஆனா அடுப்பு என் பாதியில வருது."

"வாசக்கதவும் அத்தை பாதிதான்" என்றாள் பிர்கோ. "டாக்டர் ஜன்னல் வழியா ஏறி வந்து பச்சையா தின்னுட்டுப் போகட்டும்."

அவள் என் பக்கம் பேசுவாள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. இல்போ சிரித்துவிட்டான். சிரித்ததோடு கண்ணையும் துடைத்துக்கொண்டான். பிறகு சொன்னான்: "எங்கன்னு சொல்ல வேணாம். போறப்ப போறேன்னும் வந்தப்புறம் வந்துட்டேன்னும் ஹில்மா அத்தைகிட்ட சொல்லிட்டுப் போங்க. ரெய்னோ மாமாவுக்குத்தான் எங்கன்னு தெரியுமே." அது நியாயம், ஒப்புக்கொண்டேன். ஒரு மாதம் முன்னால் நானே செய்திருக்க வேண்டியது. வீடு விற்பனைக்கு இல்லை என்று டாக்டருக்கு அவனே எழுதிவிட்டான்.

இப்போது உங்கள் கேள்வி. வில்ஹோவுக்காகவா என்று கேட்டீர்கள். பாதி அப்படித்தான். அவரும் நானும் முப்பது வருஷத்தில் சண்டை போடாத ஒரே இடம் அந்தப் பாறை, ஏனென்றால் அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. காளான் நின்று போன பிறகும் இரண்டு பேரும் போனோம், நின்றுபோனதைப் பற்றிப் பேசவே இல்லை. வாளி இல்லாமல் ஒரு பெண்பிள்ளை காட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாள் என்றால் ஊர் என்ன சொல்லும்? அதனால் வாளியை எடுத்துப் போவேன், வரும்போது எதையாவது போட்டு நிரப்புவேன். மிச்சப் பாதி எனக்காக. அங்கே உட்கார்ந்திருக்க எனக்குப் பிடித்திருக்கிறது. இதற்கு மேல் காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இது சோம்பல், பாவம் என்றுகூட முன்பெல்லாம் நினைத்ததுண்டு. இந்த ஐந்து வாரம் படுத்துக்கொண்டு யோசித்தேன். ஆறு நாள் படைத்துவிட்டு ஏழாம் நாள் தேவன் ஓய்ந்திருந்து எல்லாவற்றையும் பார்த்தாரே, அப்போது அவர் கையில் வாளியா இருந்தது?

நேற்று புதன்கிழமை. "போறேன் ஹில்மா" என்று அவள் வாசலில் நின்று சொன்னேன். ஏரிப் பக்கம் திரும்பக் கால் ஒத்துக்கொள்ளாது, அவ்வளவு சுற்று இன்னும் நடக்க முடியாது. கோல் ஒரு கையில், பிளாஸ்க் ஒரு கையில், கக்கத்தில் ஒரு சாக்கு. வாளி எடுக்கவில்லை. நேராகச் சாலையைத் தாண்டி, பால் கேன் வைக்கும் மேடையைக் கடந்து, எல்லோரும் பார்க்க என் வழியில் நடந்தேன். மேடையில் பால் வண்டிக்காக ஏழெட்டுப் பேர் நின்றார்கள், ஐனி உட்பட.

என்ன செய்தார்கள் தெரியுமா அக்கா? ஒருத்தர் பின் ஒருத்தராக முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏரியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். "இன்னிக்கு ஏரியில அலை ஜாஸ்தி" என்றாள் ஐனி. நேற்று ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. "ஆமா, ரொம்ப ஜாஸ்தி" என்றார் ரெய்னோ அண்ணன். நான் மரங்களுக்குள் மறையும் வரை ஒருத்தரும் திரும்பவில்லை.

பாறை ஈரமாக இருந்தது, மடித்த சாக்கைப் போட்டு உட்கார்ந்தேன். இலையெல்லாம் கொட்டி, காடு முழுக்க வெளிச்சம். முன்பு தெரியாத ஒரு குன்று தெரிந்தது. காபி குடித்தேன், நடந்து வந்தேன், ஹில்மாவிடம் வந்துவிட்டேன் என்றேன்.

உங்கள் கடிதங்களை எல்லாம் நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். ஊரைப் பற்றி எழுதியதெல்லாம் ஜன்னலிலிருந்து பார்த்ததுதான். ஒன்றில்கூட நீங்கள் தெருவில் இறங்கியதாக இல்லை. நான் விழுந்ததை மறைத்து எழுதினேன் என்று திட்டினீர்கள். நீங்கள் வழுக்கியதைச் சொல்லாமல் மார்ச்சிலிருந்து எத்தனை கடிதம் எழுதினீர்கள் அக்கா? நான்தான் கவனிக்காமல் போய்விட்டேன். சும்மா கிடக்கும் அறை எனக்காகவா உங்களுக்காகவா என்று இப்போதாவது கேட்கிறேன்.

அங்கே குடிவர மாட்டேன். ஆனால் நீங்கள் இங்கே வாருங்கள். திருநாளுக்கு முந்தின வியாழக்கிழமை ரயில் ஏறினால் இல்போ மிக்கேலி நிலையத்துக்குக் காரோடு வருவான், கேட்டுவிட்டேன். சனிக்கிழமை வில்ஹோ கல்லறையில் இரண்டு பேரும் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அன்றைக்குச் சவுனா நீராவிக் குளியலும் உண்டு, முழங்காலுக்கு நல்லது. அடுத்த புதன்கிழமை உங்கள் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப் போவேன், மெதுவாக, உட்கார்ந்து உட்கார்ந்து. வழுக்கினால் இரண்டு பேரும் சேர்ந்து வழுக்குவோம். பிறகு வசந்தத்தில், பனி உருகியதும், நான் அங்கே வந்து அந்தப் புது பெஞ்சில் ஒரு வாரம் உங்களோடு உட்காருகிறேன்.

ரப்பர் பூட்ஸ் கொண்டு வர வேண்டாம், என்னுடையது உங்களுக்குச் சேரும். கம்பளிக் காலுறை மட்டும் கொண்டு வாருங்கள்.

எந்த ரயில் என்று இல்போவுக்குச் சொல்ல வேண்டும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

தங்கை
இர்யா